கணவருக்கு ஆம்பூர் பக்கம், எனக்கு அடுக்கம்பாறை: வேலூரில் எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது?

அடுக்கம்பாறை டூட்டி (கேள்வி; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

எனக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நர்ஸ் வேலை. காலை 7 முதல் 1, மதியம் 1 முதல் 7, இரவு 7 முதல் காலை 7 என்று ஷிப்ட் மாறி மாறி வரும். கணவருக்கு ஷூ கம்பெனியில் அலுவலக வேலை, 9 முதல் 6. கம்பெனி மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பெங்களூரு ரோட்டை ஒட்டியே இருக்கிறது. கம்பெனி பஸ் பள்ளிகொண்டா வரைதான் வரும். காலை 8 மணிக்கு அங்கே ஏறவேண்டும், இரவு 7 மணி வாக்கில் அங்கேயே இறக்கிவிடும்.

பையனுக்கு நாலு வயது, ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கவேண்டும். ஒரு ஸ்கூட்டி, ஒரு பைக் இருக்கிறது. கார் இல்லை. வாடகை 12,000 வரை தரமுடியும். மாமியார் ஆரணியில் இருக்கிறார், தேவைப்பட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து இருப்பார்.

காட்பாடி என்றால் ரயில் இருக்கிறது என்கிறார்கள். சத்துவாச்சாரி என்றால் ஹைவே பக்கம் என்கிறார்கள். பள்ளிகொண்டாவிலேயே இருந்துவிடலாமா என்று கணவர் கேட்கிறார். இருவருக்கும் சமதூரமாகப் பார்ப்பதுதான் நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குக்கரை

முதலில் காட்பாடியை விட்டுவிடுங்கள் சகோதரி. வேலூரில் வீடு தேடும்போது கிலோமீட்டருக்கு முன்னால் பார்க்கவேண்டியது பாலாற்றுக்கு எந்தக் கரை என்பதை. அடுக்கம்பாறை, பள்ளிகொண்டா, மாதனூர் மூன்றுமே தெற்குக் கரை. காட்பாடி வடக்குக் கரை. அங்கே குடிபோனால் இரண்டு பேரும் தினமும் இரண்டு தடவை ஆற்றைத் தாண்டவேண்டும். விருதம்பட்டு பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலை எட்டரை முதல் பத்து வரை என்ன நிலைமை என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பாலம் தாண்டியபிறகு மொத்த டவுனையும் குறுக்கே கடந்து பாகாயம் வழியாகப் போகவேண்டும். காட்பாடியிலிருந்து பாகாயத்துக்கு 1, 2ஆம் நம்பர் டவுன் பஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. அதற்கப்புறமும் அடுக்கம்பாறைக்கு இன்னொரு பஸ்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காட்பாடி ரயில் வசதி காலையில் சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கானது. ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போய் மாலையில் திரும்புகிறது. உங்கள் கணவருக்கு அப்படியே எதிர்த்திசை. பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் காலையில் சென்னையை விட்டுக் காட்பாடிக்கு வரும்போது ஒன்பது தாண்டிவிடும். ஆம்பூரில் இறங்கினாலும் கம்பெனி ஊருக்கு வெளியே, மாதனூர் பக்கம். மாதனூருக்கு நேர் எதிரே ஆற்றுக்கு அப்பால்தான் ரயில் பாதை போகிறது, அங்கே இறங்கிப் பிரயோசனம் இல்லை.

இருவரில் ஒருவர் சென்னைக்குப் போகிறவர் என்றால் நானே காட்பாடி என்றுதான் சொல்வேன். சென்னை சுமார் 130 கிலோமீட்டர், சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கொடுப்பார்கள். பெங்களூருக்கு அந்த வழியும் கிடையாது.

ஷிப்ட் கணக்கு

சமதூரம் என்பது பார்க்க நியாயமாகத் தெரியும், கணக்குப் போட்டால் நிற்காது. ஷிப்ட் வேலைக்காரருக்கும் ஜெனரல் டூட்டிக்காரருக்கும் ஒரு கிலோமீட்டர் ஒரே எடை இல்லை. கணவர் போவதும் வருவதும் தினமும் ஒரே நேரம், பாதித் தூரம் கம்பெனி பஸ். உங்களுக்கு விடியற்காலை ஆறரை, ராத்திரி ஏழு, நைட் முடித்துத் தூக்கக் கண்ணோடு காலை ஏழு. நைட் டூட்டி முடித்து இருபத்தைந்து கிலோமீட்டர் ஸ்கூட்டி ஓட்டுவது ஆபத்து. அதனால் வீடு உங்கள் பக்கம்தான் சாயவேண்டும்.

அதைவிட முக்கியம், பையன் பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாத நேரம். அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீடு தொரப்பாடி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து அடுக்கம்பாறை ஏழெட்டு கிலோமீட்டர், ஸ்கூட்டியில் இருபது நிமிடம். பள்ளிகொண்டாவுக்கு ஐம்பது நிமிடம். பள்ளி வேன் காலை 8.30, திரும்பி வருவது 3.30 என்று எடுத்துக்கொள்கிறேன்.

காலை ஷிப்ட்: நீங்கள் 6.30க்குக் கிளம்புவீர்கள், அவர் 7.05க்கு. 7.05 முதல் 8.30 வரை ஆள் இல்லை. மாலை பிரச்சினை இல்லை.

மதிய ஷிப்ட்: காலை நீங்கள் இருப்பீர்கள். 3.30 முதல் நீங்கள் திரும்பும் 7.20 வரை ஆள் இல்லை. இதுதான் நீளமான இடைவெளி.

இரவு ஷிப்ட்: மாலை 6.30க்குக் கிளம்புகிறீர்கள், அவர் வருவது 8 மணிக்கு. ஒன்றரை மணி நேரம். காலையில் அவர் 7.05க்குக் கிளம்ப, நீங்கள் 7.20க்கு வர, நடுவில் கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ரிலீவர் (அடுத்த ஷிப்டுக்கு வந்து உங்களை விடுவிக்கிறவர்) பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அது அரை மணி நேரம். நாலு வயதுக் குழந்தையை அரை மணி நேரம் தனியாக விடமுடியாது.

இப்போது இதே தாளில் பள்ளிகொண்டாவைப் போடுங்கள். அவர் 7.50க்குக் கிளம்பினால் போதும், 7.10க்கு வீட்டில் இருப்பார். காலை இடைவெளி நாற்பது நிமிடமாகச் சுருங்கும். ஆனால் நீங்கள் காலை ஷிப்டுக்கு 5.45க்குக் கிளம்பவேண்டும். மதிய ஷிப்ட் இடைவெளி 3.30 முதல் அவர் வரும் 7.10 வரை, கிட்டத்தட்ட அதேதான். இரவு ஷிப்டுக்கு 5.45க்கே கிளம்புவீர்கள், இடைவெளி 1 மணி 25 நிமிடம். அதாவது மாலையில் ஏறக்குறைய ஒரு லாபமும் இல்லை, நீங்கள் ரோட்டில் இருக்கும் நேரம் மட்டும் மூன்று மடங்கு ஆகிறது. ஸ்கூட்டி ரிப்பேர் என்றால் பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு பஸ், வேலூரில் மாறி ஆரணி ரோட்டுக்கு இன்னொரு பஸ்.

ஆக, எந்த ஊரில் இருந்தாலும் மதிய ஷிப்ட் நாட்களில் 3.30 முதல் 7 வரை ஒரு ஆள் தேவை. அந்த ஆள் மாமியார் என்றால் அவருக்கு வசதியான இடத்தில் வீடு பாருங்கள். ஆரணி பஸ் கண்ணமங்கலம், கணியம்பாடி, அடுக்கம்பாறை, பாகாயம் வழியாகத்தான் வேலூருக்குள் வருகிறது. பாகாயத்தில் இறங்கி ஐந்து நிமிட நடையிலோ சின்ன ஆட்டோ தூரத்திலோ வீடு இருந்தால் அவர் மாதத்தில் பத்து நாள் வருவார். இரண்டு பஸ் மாறி வரவேண்டும் என்றால் முதல் மாதம் மட்டும் வருவார்.

ஊசூர் ரோடு

மேலே சொன்ன ஐம்பது நிமிடக் கணக்கு எந்த ரோட்டில் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தொரப்பாடியிலிருந்து பள்ளிகொண்டாவுக்கு இரண்டு வழி. ஒன்று டவுனுக்குள் போய்க் கொணவட்டம் பக்கம் ஹைவே ஏறுவது. இன்னொன்று அரியூர், ஸ்ரீபுரம், ஊசூர், அணைக்கட்டு வழியாகப் பின்பக்கமாகவே பள்ளிகொண்டா போவது. இரண்டுமே இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில்தான், பெரிய வித்தியாசம் கிடையாது. காலை ஏழு மணிக்கு இரண்டுமே ஓடும். மாலை ஏழு மணிக்கு டவுன் வழி மாட்டிக்கொள்ளும், அணைக்கட்டு வழி ஓடிக்கொண்டே இருக்கும். லாரியோடு போட்டி போடவேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய காரணம்.

அந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஊசூருக்கும் அணைக்கட்டுக்கும் நடுவில் பல இடத்தில் வெளிச்சம் இல்லை. ஹெல்மெட் கண்ணாடி வெள்ளையாக இருக்கட்டும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாலையில் ஓட்டக்கூடாது. அறுப்புக் காலத்தில் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அதைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல்தான் ஆளைக் கவிழ்க்கும். லீவு நாளில் ஸ்ரீபுரம் கோயில் கூட்டம் ரோட்டுக்கு வரும், வேலை நாளில் அவ்வளவு இல்லை.

முழுத் தூரமும் பைக்கில் போய்விடலாம் என்று கணவர் நினைத்தால் செலவைப் பாருங்கள். தொரப்பாடியிலிருந்து கம்பெனி 45 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 90, மாதம் 25 நாளுக்கு 2,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்கு 50 லிட்டர், ஐயாயிரம் ரூபாய் பெட்ரோல். பள்ளிகொண்டாவில் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினால் 1,250 கிலோமீட்டர், 28 லிட்டர், மூவாயிரத்துக்குள் அடங்கும். ஆயில் மாற்றுவதும் டயர் தேய்வதும் அதே விகிதத்தில் குறையும். ஸ்டாண்டுக்கு மாத பாஸ் போட்டுக்கொள்ளுங்கள். ரோட்டோரம் கடை வாசலில் விட்டுப் போகவேண்டாம்.

கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் பார்க்கிறவரிடம் ஒரு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: அந்த பஸ் ராத்திரி எங்கே நிற்கிறது? பல கம்பெனி பஸ்கள் டிரைவர் ஊரிலேயே நிற்கும். பள்ளிகொண்டாவைத் தாண்டி வேலூர்ப் பக்கம் நிற்பதாக இருந்தால் காலையில் காலியாகத்தான் வரும், இன்னும் முன்னாலேயே ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் வேலூர்ப் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் ரூட்டை நீட்டுவது உண்டு. இது வீடு பார்க்கும் முன்பே தெரிந்தால் முழுக் கணக்கும் மாறும்.

லத்தேரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு ராணிப்பேட்டை சிப்காட், இன்னொருவருக்குக் குடியாத்தம். தெற்குக்கரை சொன்ன ஆற்றுக் கணக்கு இதற்கும் பொருந்துமா?

தெற்குக்கரை

அப்படியே திருப்பிப் போடுங்கள். உங்கள் இரண்டு இடமும் வடக்குக் கரை, அதனால் காட்பாடிதான். சிப்காட்டுக்குத் திருவலம் வழி, குடியாத்தத்துக்கு லத்தேரி, கே.வி.குப்பம் வழி. இரண்டு ரோடும் பாலாற்றைத் தொடாது. சத்துவாச்சாரியில் வீடு எடுத்தால் சிப்காட்காரர் ஆற்காட்டில் ஆற்றைத் தாண்டவேண்டும், குடியாத்தம்காரர் வேலூரிலோ பள்ளிகொண்டாவிலோ தாண்டவேண்டும். குடியாத்தத்துக்கு ரயிலை நம்பினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, இறங்கியபின் ஆட்டோவோ பஸ்ஸோ வேண்டும். அந்த இருபது நிமிடத்தையும் சேர்த்தால் பஸ்ஸே மேல். காட்பாடிக்குள் காந்தி நகர் பக்கம் மாணவர்கள் வாடகைக்கு எடுப்பதால் வாடகை கூடுதல். கழிஞ்சூர் உள்பக்கம் பாருங்கள்.

அடுக்கம்பாறை டூட்டி

எல்லாருக்கும் நன்றி. ஷிப்ட் கணக்கு எழுதியதைப் பார்த்ததும் கணவரே பள்ளிகொண்டா வேண்டாம் என்றுவிட்டார். ரிலீவர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டு கேள்வி. பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் ஸ்கூட்டியை விட்டு பஸ்ஸில் போனால் கட்டுமா? சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீடு ஒன்று பத்தாயிரத்துக்கு வருகிறது, விட மனம் இல்லை. அதை எடுத்தால் என்ன ஆகும்?

ஷிப்ட் கணக்கு

சத்துவாச்சாரி நல்ல ஏரியா, சந்தேகமே இல்லை. கலெக்டர் அலுவலகத்திலோ ராணிப்பேட்டைப் பக்கமோ வேலை என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் அது ஊரின் கிழக்குப் பக்கம். கணவருக்குப் போகவேண்டியது மேற்கு, உங்களுக்குத் தெற்கு. இருவருமே வேலைக்கு முன்னால் ஊரைக் கடக்கவேண்டும். மிச்சமாகும் இரண்டாயிரம் பெட்ரோலிலும் மதிய ஷிப்ட் இடைவெளி நீள்வதிலும் போய்விடும்.

இலவசப் பயணம் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான். ஆரணி, திருவண்ணாமலை ரூட் பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் டிக்கெட் வாங்கவேண்டும். காலை 6.30க்கு வீட்டுப் பக்கத்து ஸ்டாப்பிலும் ராத்திரி 7க்கு மருத்துவமனை வாசலிலும் உங்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ரூட் பஸ்தான். ஆகவே மதிய ஷிப்டுக்குப் போகும்போது டவுன் பஸ் சரி, காலைக்கும் இரவுக்கும் ஸ்கூட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி அன்று மாலை அந்த ரோட்டில் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம். பஸ் நிரம்பி வரும், நடு ஸ்டாப்பில் நிறுத்தமாட்டார்கள். அன்றைக்கு நைட் டூட்டி இருந்தால் பஸ்ஸை நம்பவே நம்பாதீர்கள்.

வேலூரில் பஸ் மாறுவது பற்றியும் சேர்த்துச் சொல்கிறேன், கணவர் என்றாவது பஸ்ஸில் போக நேர்ந்தால் உதவும். டவுன் பஸ் பழைய பஸ் ஸ்டாண்டில், ஆம்பூர், வாணியம்பாடி பஸ் புது பஸ் ஸ்டாண்டில். இரண்டும் ஒரே இடம் இல்லை. திருப்பத்தூர் சாதாரண பஸ் மாதனூரில் நிற்கும், பெங்களூரு எக்ஸ்பிரஸ் நிற்காது. ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறவேண்டும்.

வாடகை ஒப்பந்தம்

ஏரியா முடிவாகிவிட்டது போலிருக்கிறது. இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நைட் டூட்டி பார்க்கிறவருக்கு வீடு பகலில் தூங்கும் இடம். வேலூர் வெயிலில் மேல்தளம் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடித் தளம் பகல் முழுக்கச் சூடேறும், பகல் ஒரு மணிக்கு ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளும். இரண்டு மாடி வீட்டில் கீழ்த்தளமோ நடுத்தளமோ பாருங்கள், படுக்கையறை மேற்குச் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. பக்கத்தில் கல்யாண மண்டபம், கோயில் ஒலிபெருக்கி, மர இழைப்புப் பட்டறை இருக்கிறதா என்று பகல் 11 மணிக்குப் போய் நின்று கேளுங்கள். வீடு காட்டுகிறவர்கள் மாலையில்தான் கூப்பிடுவார்கள்.

தண்ணீர்: காவிரிக் கூட்டுக்குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வீட்டுக்குத் தனி சம்ப் உண்டா என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) பாருங்கள், குடிநீருக்கு 500க்குள் இருப்பது நல்லது. ஏரிக்கரையையும் கால்வாயையும் ஒட்டிய தாழ்வான மனை வேண்டாம். 2021 நவம்பர் மழையில் கன்சால்பேட்டை, கொணவட்டம் பக்கத்துத் தாழ்வான தெருக்களுக்கு என்ன ஆனது என்று ஊரே பார்த்தது. பார்க்கும் வீட்டின் வெளிச்சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா பாருங்கள், புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் பாருங்கள்.

கரண்ட் மீட்டர் தனியாக இருக்கவேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரே இணைப்பு என்றால் இரண்டு மாத யூனிட் கூடி மேல் ஸ்லாப் (கூடுதல் கட்டணப் படி) போகும், 100 இலவச யூனிட்டும் உங்கள் பங்குக்கு வராது. பகலில் ஏ.சி. ஓடப்போகிற வீடு இது.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாகச் சம்மதிக்காவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன்தான் பேசவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகட்டும்.

வாடகை ரசீது யார் பெயரில் என்பதும் முக்கியம், பழைய வருமான வரி முறையில் இருந்தால் மட்டும். வீட்டு வாடகைப்படிக்கான வரி விலக்கு மூன்றில் எது குறைவோ அது: கையில் வரும் வீட்டு வாடகைப்படி, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 40 சதவீதம், வாடகையிலிருந்து அதே தொகையில் 10 சதவீதம் கழித்தது. உதாரணமாக அந்தச் சம்பளத் தொகை உங்களுக்கு 40,000, அவருக்கு 25,000 என்று வையுங்கள். வாடகை 12,000ஐ ஆளுக்குப் பாதி என்று காட்டினால் 2,000மும் 3,500உம் சேர்ந்து 5,500தான் தேறும். முழுவதும் அவர் பெயரில் என்றால் 9,500 வரை போகும். அரசு வேலையில் வாடகைப்படி சின்னத் தொகை என்பதால் உங்கள் பெயரில் போட்டாலும் அதற்குமேல் கிடைக்காது. அவர் சம்பளச் சீட்டில் அந்தப் படி எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வருட வாடகை ஒரு லட்சம் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஊசூர் ரோடு

பிற்பாடு கார் வாங்கினால் இதை மனதில் வையுங்கள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, காருக்கு உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த வருட பாஸ் (அப்போது 3,000 ரூபாய்) 200 தடவைக்குத்தான். தினமும் போய் வந்தால் நாலு மாதத்தில் தீர்ந்துவிடும். சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்கு உள்ளூர் மாத பாஸ் 350 ரூபாய் வாக்கில், தினசரிப் பயணத்துக்கு அதுதான் கட்டும். ஒப்பந்தத்தில் முகவரி சரியாக இருக்கவேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

அடுக்கம்பாறை டூட்டி

தொரப்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவில் இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம், இரண்டுமே கீழ்த்தளம். ஒன்று 11,500, ஆரணி ரோட்டுக்கு நடை தூரம். இன்னொன்று 9,500, அரியூர்ப் பக்கம் உள்ளே. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வேறு என்ன செய்யவேண்டும்?

ஷிப்ட் கணக்கு

இரண்டு வீட்டிலிருந்தும் உண்மையான நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். கணவர் ஒரு திங்கள்கிழமை 7.05க்கு அந்தத் தெருவிலிருந்து கிளம்பி பள்ளிகொண்டா ஸ்டாண்டில் வண்டி போட்டு பஸ்ஸில் ஏறும் வரை. திரும்பும்போது இருட்டில் ஒரு முறை. நீங்கள் காலை ஷிப்ட் அன்று 6.30க்கு. மாமியாரை ஒருநாள் ஆரணியிலிருந்து அவர் வழக்கமாக வரும் பஸ்ஸிலேயே வரச்சொல்லி, பாகாயத்தில் இறங்கி வீடு வரை அவராகவே வரட்டும். பள்ளி வேன் டிரைவரிடம் அந்தத் தெருவுக்குள் வண்டி வருமா, மெயின் ரோட்டில்தான் நிறுத்துமா என்று கேளுங்கள், மேனேஜரிடம் கேட்டால் வரும் என்றுதான் சொல்வார். ரிலீவர் தாமதத்துக்கு அக்கம்பக்கத்தில் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டக்கூடிய வீடு ஒன்று இருக்கிறதா பாருங்கள். மாமியாருக்கு நடை சுலபம் என்றால் 11,500 வீடுதான். அந்த இரண்டாயிரம் வித்தியாசத்தில் மதிய ஷிப்ட் நாட்களுக்கு வேறு ஆள் வைக்கமுடியாது.